உருகும் என்று சொல்லி எரிக்க வருகிறார்கள்

"எப்படியும் உருகி வெளியேறத்தான் போகிறது. வீணே காற்றில் கலந்து உலகைச் சுடுவதற்கு முன் நாமே அதை எடுத்து அடுப்பெரித்துக்கொண்டால் என்ன?"

ஆர்க்டிக் உறைநிலத்தின் அடியில் பனிக்கட்டிபோல் இறுகிக் கிடக்கும் மீத்தேனைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் உடன் எழுகிறது. எரிபொருள் துறையில் பழகியவர்கள் கேட்கிறார்கள். சுற்றுச்சூழல் மீது மெய்யான அக்கறை கொண்ட சிலரும் கேட்கிறார்கள். முதல் பார்வையில் நியாயமாகவே தோன்றும். அழியப்போகும் ஒன்றைப் பயன்படுத்துவதில் குற்றம் என்ன? ஆனால் இந்த நியாயம் ஒரு புவியியல் பொய்யின் மேல் எழுப்பப்பட்டது. அதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் பொருள் இன்னதென்று தெளிவோம். நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் ஓர் ஒழுங்கில் அடுக்கப்பட்டுப் பனிக்கட்டி ஆகின்றன என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். போதிய குளிரும் அழுத்தமும் மீத்தேனும் ஒருங்கே அமையும் இடத்தில் அதே மூலக்கூறுகள் வேறொரு விதமாகக் கைகோத்துக்கொள்கின்றன. சின்னஞ்சிறு கூண்டுகள் உருவாகின்றன. கூண்டுக்கு ஒன்றாக மீத்தேன் மூலக்கூறுகள் உள்ளே அடைபடுகின்றன. கூண்டுக்கும் கைதிக்கும் இடையே வேதிப் பிணைப்பு ஏதுமில்லை. கைதி உள்ளே இருப்பதால் கூண்டு நிற்கிறது, கூண்டு நிற்பதால் கைதி உள்ளே இருக்கிறான். 46 நீர் மூலக்கூறுகளுக்கு எட்டுக் கூண்டுகள். அவற்றில் ஆறு சற்றுப் பெரியவை, இரண்டு சிறியவை. இந்தக் கணக்கு பின்னால் நமக்குத் தேவைப்படும். இதற்கு வாயு ஹைட்ரேட்டு என்று பெயர். கையில் எடுத்தால் பனிக்கட்டிபோல் இருக்கும். தீக்குச்சி காட்டினால் எரியும். ஒரு கன மீட்டர் ஹைட்ரேட்டு சிதைந்தால் 160 கன மீட்டருக்கு மேற்பட்ட வாயு வெளிவரும். கூடவே ஏறத்தாழ 0.8 கன மீட்டர் நீரும் வரும்.

இதன் வரலாறு சுவையானது. 1810-ஆம் ஆண்டிலேயே ஹம்ஃப்ரி டேவி குளோரின் வாயுவும் நீரும் சேர்ந்து திண்மமாவதைக் கண்டார். 1823-இல் மைக்கேல் ஃபாரடே அதன் சேர்க்கை விகிதத்தை அளந்தார். அதன்பின் நூறாண்டுகளுக்கும் மேலாக அது ஆய்வுக்கூடத்து விந்தையாகவே இருந்தது. 1934-இல் ஹாமர்ஷ்மிட் என்னும் அமெரிக்கர், எரிவாயுக் குழாய்களை அடைத்துக்கொண்டு தொல்லை தருவது வெறும் பனிக்கட்டியன்று, ஹைட்ரேட்டே என்று காட்டினார். ஆக, எரிவாயுத் தொழில் இதனை முதலில் சந்தித்தது செல்வமாக அன்று, தொல்லையாக.

இயற்கையே இதனை மண்ணுக்குள் செய்து வைத்திருக்கிறது என்ற செய்தி சைபீரியாவிலிருந்து வந்தது. யூரி மக்கோகன் முதலிய சோவியத் ஆய்வாளர்கள் 1960களில் இதை எடுத்துரைத்தனர். மேற்குச் சைபீரியாவின் வடகோடியில் 1967-இல் மெஸ்ஸோயாகா என்னும் எரிவாயு வயல் கண்டறியப்பட்டது. அங்கே வாயுவை எடுக்க எடுக்க அழுத்தம் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை. மேலடுக்கில் உள்ள ஹைட்ரேட்டு சிதைந்து, எடுத்ததை ஈடு செய்கிறது என்று மக்கோகன் விளக்கினார். பின்வந்த ஆய்வாளர் சிலர் இதனை ஐயுற்றனர். வழக்கு இன்னும் முற்றாகத் தீரவில்லை. அந்த வாயு எங்கே போயிற்று என்பதில் மட்டும் ஐயமில்லை. குழாய் வழியே நோரில்ஸ்க் நகரத்து உலோக ஆலைகளுக்குப் போயிற்று. 1935 முதல் 1956 வரை இயங்கிய கட்டாய உழைப்பு முகாமில் கைதிகளின் தோள்மீது எழுந்த நகரம் அது. மக்கோகன் கூறியது சரியாயின், கூண்டுக்குள் கிடந்த மீத்தேன் முதன்முதலில் மனிதனுக்குச் செய்த ஊழியம், கைதிகள் கட்டிய ஆலையில் நிக்கல் உருக்கியது. நோரில்ஸ்க்கிற்கு இன்னொரு முறை திரும்பி வருவோம்.

வடஅமெரிக்காவில் இரண்டு இடங்கள் முக்கியம். ஒன்று, அலாஸ்காவின் வடசரிவு. 1972-லேயே அங்கே ஒரு கிணற்றிலிருந்து ஹைட்ரேட்டு மாதிரி எடுக்கப்பட்டது. மற்றொன்று, கனடாவின் மெக்கன்சி ஆற்று முகத்துவாரத்தில் உள்ள மாலிக். 1998-இல் ஜப்பானும் கனடாவும் அங்கே ஆய்வுக் கிணறு தோண்டின. 2002-இல் பன்னாட்டுக் கூட்டாக மீண்டும் தோண்டப்பட்டது. சூடான திரவத்தைக் கிணற்றுக்குள் செலுத்தி ஹைட்ரேட்டைச் சிதைத்துப் பார்த்தார்கள். கிடைத்த வாயு சொற்பமே. 2007-இல் அழுத்தத்தைக் குறைக்கும் முறை முயலப்பட்டது. மணல் கிணற்றுக்குள் புகுந்து வேலையைக் கெடுத்தது. 2008-இல் அதே முறை ஆறு நாள் ஓடியது. ஏறத்தாழ 13,000 கன மீட்டர் வாயு கிடைத்தது. வெற்றி என்று அறிவித்தார்கள். நல்ல நிலையில் உள்ள சாதாரண எரிவாயுக் கிணறு ஒன்று ஒரே நாளில் இதைப்போல் பன்மடங்கு தரும் என்பதை அறிவிப்பில் தேட வேண்டாம். பின்னர் அலாஸ்காவில் 2012-இல் ஒரு சோதனை நடந்தது. 2023-இன் பிற்பகுதியில் தொடங்கி 2024-இன் நடுப்பகுதி வரை, ஜப்பானிய அமெரிக்கக் கூட்டில், பல மாதங்கள் நீண்ட சோதனையும் நடந்தது.

இனி வாதத்திற்கு வருவோம். எதிர்த்தரப்பின் வலுவை மறைக்க வேண்டியதில்லை. மீத்தேன் கரியமில வாயுவைவிடக் கொடியது. இருபதாண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை, எண்பது மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அதை எரித்துவிட்டால் கரியமில வாயுவாக மாறிவிடும். ஆகவே காற்றில் கசியப்போகும் மீத்தேனைக் கசியவிடுவதைவிட எரிப்பதே மேல். இது இரசாயனம், மறுப்பதற்கில்லை. குப்பைமேட்டிலிருந்து கசியும் மீத்தேனைப் பிடித்து எரிப்பதை எவரும் குறைகூறுவதில்லை.

கேள்வி ஒன்றுதான். மாலிக்கின் மீத்தேன் கசியப்போகிறதா?

மாலிக்கில் நிரந்தர உறைநிலத்தின் தடிப்பு ஏறத்தாழ 600 மீட்டர். அதற்கும் கீழே, ஏறத்தாழ 890 மீட்டரிலிருந்து 1,100 மீட்டர் வரையிலான மணற்படுகைகளில் ஹைட்ரேட்டு இருக்கிறது. அலாஸ்காவில் சோதிக்கப்பட்ட படுகைகளும் 600 மீட்டருக்குக் கீழே உள்ளவை. மேற்பரப்பின் வெப்பம் மண்ணுக்குள் இறங்கும் வேகம் எவ்வளவு? பாறையும் மண்ணும் வெப்பத்தை மிக மெல்லவே கடத்தும். தடிப்பு இருமடங்கானால் காலம் நான்கு மடங்காகும். 600 மீட்டரைக் கடந்து இறங்க, பனிக்கட்டியை உருக்கச் செலவாகும் வெப்பத்தைக் கணக்கில் சேர்க்காமலே, பத்தாயிரம் ஆண்டு அளவில் ஆகும். உருகலையும் சேர்த்தால் இன்னும் நீளும். இதற்குச் சான்று தேடி எங்கும் போக வேண்டியதில்லை. அந்த நிலமே சான்று. கடந்த பனியுகம் முடிந்து ஏறத்தாழ 11,700 ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பெரும் வெப்பமாற்றத்திற்குப் பின்னும் மாலிக்கின் உறைநிலம் அங்கேயே இருக்கிறது. ஹைட்ரேட்டும் அங்கேயே இருக்கிறது. இருப்பதனால்தான் துளையிடப் போனார்கள்!

அப்படியானால் கசியக்கூடிய ஹைட்ரேட்டே இல்லையா? இருக்கக்கூடும். அது வேறிடத்தில், வேறு விதமாக இருக்கிறது. உறைநிலப் பகுதியில் மீத்தேன் ஹைட்ரேட்டு நிலைத்து நிற்க, இடத்தின் குளிருக்கேற்ப, பொதுவாக 150 முதல் 200 மீட்டர் ஆழமாவது வேண்டும். அதற்கு மேலே அழுத்தம் போதாது. ஆயினும் சைபீரியாவின் யமால் தீபகற்பத்தில், பொவனென்கோவோ எரிவாயு வயலில், நூறு மீட்டருக்கும் குறைவான ஆழத்திலேயே துளைக்கருவிகள் வாயுப் பைகளைத் தொட்டன. அவற்றில் பழைய ஹைட்ரேட்டு இருக்கலாம் என்று ரஷ்ய ஆய்வாளர்கள் கருதினர். இருக்கக்கூடாத இடத்தில் எப்படி இருக்கும்? இங்கேதான் இயற்கையின் ஓர் அழகிய நுட்பம் வெளிப்படுகிறது. உறைநிலைக்குக் கீழான குளிரில் ஹைட்ரேட்டு சிதையத் தொடங்கினால், வெளிப்புறக் கூண்டுகள் உடைந்து, அவற்றின் நீர் உடனே பனிக்கட்டியாக உறைகிறது. அந்த மெல்லிய பனியுறை உள்ளிருக்கும் எஞ்சிய ஹைட்ரேட்டை மூடிக் காக்கிறது. காயத்தின் மேல் பொருக்குக் கட்டுவதுபோல என்று கொள்ளலாம். தற்காப்பு என்றே ஆய்வாளர்கள் இதற்குப் பெயரிட்டார்கள். 1980களில் இது கண்டறியப்பட்டபோது, ஆழம் குறைந்த உறைநிலத்தில் பனியுகக் காலத்து எச்சங்கள் இன்றும் பிழைத்திருக்கலாம் என்பது விளங்கிற்று.

இந்த எச்சங்கள் மெய்யாகவே வலுவற்றவை. மண் சற்றே சூடேறினாலும் பொருக்கு உடையும். 2014 ஜூலையில் யமாலில், பொவனென்கோவோவிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், ஐம்பது மீட்டர் ஆழமுள்ள வட்டப் பள்ளம் ஒன்று வானூர்தியிலிருந்து காணப்பட்டது. அதன் காரணம் குறித்துப் பல விளக்கங்கள் உண்டு. ஆழம் குறைந்த ஹைட்ரேட்டின் சிதைவு அவற்றில் ஒன்று. யமால் என்றால் நெனெத்து மக்களின் மொழியில் நிலத்தின் முடிவு என்று பொருள். செய்தித்தாள்கள் அந்தச் சொல்லை எவ்வளவு மகிழ்ச்சியோடு எடுத்தாண்டன என்பது பலருக்கு நினைவிருக்கும்.

இப்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆழம் குறைந்த எச்சம் கசியலாம். ஆனால் அது சிதறிக் கிடக்கும் சிறு பைகள், எங்கே இருக்கிறதென்று துளையிடும்வரை தெரியாது. அதை எடுத்து விற்க எந்த நிறுவனமும் திட்டமிடவில்லை. ஆழத்தில் உள்ள தடித்த மணற்படுகை விற்பனைக்கு ஏற்றது; ஆனால் அது கசியப்போவதில்லை. கசியக்கூடியதைக் காட்டி அச்சுறுத்திவிட்டு, கசியாததை எடுக்க அனுமதி கேட்கிறார்கள். தெருமுனையில் ஒரு குடிசை தீப்பற்றக்கூடும் என்று சொல்லி, அடுத்த ஊர் மாளிகையின் பெட்டகத்தை உடைப்பவனை நாம் தீயணைப்பாளன் என்று அழைப்போமா?

இன்னொன்றும் உண்டு. சூரியனால் தொட முடியாத ஆழத்தைத் துளைக்கருவி ஒரே பருவத்தில் தொட்டுவிடுகிறது. கீழிருந்து மேலேறி வரும் சூடான எண்ணெய் கிணற்றுச் சுவரைச் சூடாக்கி, அதைச் சுற்றியுள்ள உறைநிலத்தையும் ஹைட்ரேட்டையும் இளக்குவது ஆர்க்டிக் பொறியாளர்களுக்குப் பழைய தலைவலி. கசிவைத் தடுக்கவென்று இறக்கும் குழாயே கசிவுக்கு வழியாகலாம்.

அச்சமூட்டுவோரைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். 2013-இல் ஒரு புகழ்பெற்ற அறிவியல் இதழில் வெளிவந்த கட்டுரை, கிழக்குச் சைபீரியக் கடலடியிலிருந்து 5,000 கோடி டன் மீத்தேன் வெளியேறினால் உலகுக்கு 60 இலட்சம் கோடி டாலர் இழப்பு என்று கணக்கிட்டது. அவ்வளவு மீத்தேன் அவ்வளவு விரைவில் வெளியேறும் என்ற அனுமானத்தைத் துறை வல்லுநர் பலர் அப்போதே மறுத்தனர். ஆனால் 'மீத்தேன் வெடிகுண்டு' என்ற தொடர் நிலைத்துவிட்டது. 2017-இல் அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் கரோலின் ரூப்பெலும் ஜான் கெஸ்லரும் அதுவரையான ஆய்வுகளையெல்லாம் தொகுத்து நோக்கி, இன்று வளிமண்டலத்தைச் சென்றடையும் மீத்தேன் ஹைட்ரேட்டிலிருந்து வருகிறது என்பதற்கு முடிவான சான்று இல்லை என்றனர். 2021-இல் பருவநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுகளின் குழு, ஆழ்ந்த உறைநிலத்து ஹைட்ரேட்டும் கடலடி ஹைட்ரேட்டும் இந்நூற்றாண்டில் வெப்பமயமாதலின் போக்கைக் கண்டுணரத்தக்க அளவில் மாற்றுவது மிகவும் அரிது என்று தீர்ப்புச் சொல்லிற்று. உறைநிலத்தோடு சேர்ந்த ஹைட்ரேட்டு உலகிலுள்ள மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவே என்பதும் ரூப்பெலின் மதிப்பீடு.

உறைநிலம் உருகுவதால் ஆபத்தே இல்லை என்று எவரும் இதைத் திரித்துவிட வேண்டாம். ஆபத்து உண்டு, அது வெடிகுண்டு அன்று, அழுகல். மேலடுக்கு மண்ணில் பல்லாயிரம் ஆண்டுகளாக உறைந்து கிடக்கும் இலை, வேர், புல் ஆகியவை இளகி, நுண்ணுயிர்களுக்கு இரையாகி, கரியமில வாயுவையும் மீத்தேனையும் மெல்ல மெல்ல விடுகின்றன. இதை எந்தக் கிணறு தோண்டியும் பிடிக்க முடியாது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலின் 24-ஆம் எண், பனி உருகலால் மீத்தேன் வெளிப்படும் அபாயத்தையும், உறைந்த உயிர்ப்பொருள் சிதைவதால் கரியமில வாயு பெருகுவதையும் தனித்தனியே குறிப்பிடுவது கூர்ந்து படிப்போர்க்குப் புலப்படும். முதற்பாதியை மட்டும் மேற்கோள் காட்டி மீத்தேன் பூதத்தை வரைவோர் நம்மிடையேயும் உண்டு. அவர்கள் அதே மடலின் 165-ஆம் எண்ணையும் புரட்டிப் பார்க்கலாம். நிலக்கரி, எண்ணெய், ஓரளவுக்கு எரிவாயு ஆகியவற்றை நம்பியிருக்கும் தொழில்நுட்பம் தாமதமின்றிப் படிப்படியாக மாற்றப்பட வேண்டும் என்பது அங்கே சொல்லப்படுகிறது.

அச்சமும் ஆசையும் எவ்வளவு எளிதில் கூட்டுச் சேர்கின்றன என்பதற்கு நோரில்ஸ்க் ஒரு பாடம். 2020 மே மாதத்தில் அங்கே மின்நிலைய எண்ணெய்த் தொட்டி ஒன்று இடிந்து, 20,000 டன்னுக்கு மேற்பட்ட டீசல் மண்ணிலும் அம்பர்னயா ஆற்றிலும் பாய்ந்தது. உறைநிலம் உருகியதே காரணம் என்று நிறுவனம் முதலில் சுட்டியது. தொட்டியின் வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் கண்காணிப்பிலும் குறைகள் இருந்ததாக ரஷ்ய அரசின் ஆய்வு கூறியது. உருகுகிற நிலம் வாய் திறந்து மறுக்காது. எனவே யார் வேண்டுமானாலும் அதன்மேல் பழி போடலாம், யார் வேண்டுமானாலும் அதன் பெயரால் அனுமதியும் கேட்கலாம்.

சிலர் இன்னும் நுட்பமாக வாதிடுவர். மீத்தேனை வெளியே எடுத்துவிட்டு, அதே கூண்டில் கரியமில வாயுவை அடைத்துவிடலாம்; எரிப்பதும் புதைப்பதும் சரியாகிவிடும் என்பர். 2012-இல் அலாஸ்காவில் நடந்த சோதனை இதற்கானதே. கரியமில வாயுவும் நைட்ரஜனும் கலந்து கிணற்றில் செலுத்தினார்கள். பிறகு ஒரு மாத அளவில் ஏறத்தாழ 24,000 கன மீட்டர் மீத்தேன் கிடைத்தது. இப்போது அந்த எட்டுக் கூண்டுக் கணக்கை நினைவுகூருங்கள். கரியமில வாயுவின் மூலக்கூறு ஆறு பெரிய கூண்டுகளில் இலகுவாக நுழையும். இரண்டு சிறியவற்றில் எளிதில் நுழையாது. ஆகவே ஆய்வுக்கூடத்திலேயே மாற்றம் முழுமையடைவதில்லை. அலாஸ்காவிலோ கைதி மாற்றம் ஓரளவே நடந்தது. வாயுவின் பெரும்பகுதி அழுத்தத்தைக் குறைத்ததால், அதாவது கூண்டையே உடைத்ததால் வந்தது. செலுத்திய கரியமில வாயுவில் ஒரு பகுதியும் திரும்ப மேலேறி வந்துவிட்டது. உடைந்த கூண்டில் யாரை அடைப்பது? 2023-இல் தொடங்கிய நீண்ட சோதனையில் இந்தப் பண்டமாற்றுப் பேச்சே இல்லை. அழுத்தத்தைக் குறைக்கும் முறை மட்டுமே. புதைப்பதற்கான வாக்குறுதி வழியில் எங்கோ நழுவிவிட்டது, எடுப்பதற்கான திட்டம் மட்டும் தப்பாமல் வந்து சேர்ந்தது.

இவ்வளவு பாடுபட்டு எடுத்தால் அந்த வாயு யாருக்கு? இங்கேதான் கதை நகைப்புக்கு இடமாகிறது. அலாஸ்காவின் புருடோ பேயில் 1968-இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. எண்ணெயோடு வெளிவரும் பெருமளவு எரிவாயுவைக் கொண்டுசெல்லக் குழாய் இல்லாததால், 1977 முதல் அதை மீண்டும் நிலத்துக்குள்ளேயே செலுத்தி வருகிறார்கள். மெக்கன்சியில் நிலைமை இன்னும் தெளிவு. 1970களில் அங்கே குழாய் அமைக்க முனைந்தபோது நீதிபதி தாமஸ் பெர்கர் ஊர் ஊராகச் சென்று பழங்குடியினரின் சொற்களைக் கேட்டு, பத்தாண்டுகள் பொறுத்திருங்கள் என்று 1977-இல் பரிந்துரைத்தார். பின்னாளில் திட்டம் உயிர்பெற்று 2011-இல் கனடா அரசின் ஒப்புதலும் பெற்றது. விலை படியாததால் 2017-இல் நிறுவனங்களே அதைக் கைவிட்டன. கூண்டில்லாமல், குழாயைத் திறந்தால் தானே பொங்கி வரும் வாயுவுக்கே வாங்குவோர் இல்லாத நிலத்தில், கூண்டை உடைத்து, நீரைப் பிரித்து, மணலைத் தடுத்து எடுக்க வேண்டிய வாயுவுக்கு என்ன அவசரம்?

அவசரம் ஆர்க்டிக்கிற்காக அன்று. ஆர்க்டிக் ஒத்திகை மேடை. நடுக்கடலில் கப்பலை நிறுத்தித் துளையிடுவதைவிட உறைநிலத்தில் நின்று துளையிடுவது மலிவு. மாதக்கணக்கில் சோதனையை நீட்டலாம். ஜப்பானுக்குத் தன் நான்காய் கடற்பள்ளத்து ஹைட்ரேட்டு வேண்டும். தனக்கென எரிவாயு வளம் மிகக் குறைந்த அந்த நாட்டின் கவலை நமக்குப் புரியாததன்று. 2011-இன் அணு உலை விபத்துக்குப் பின் அது இன்னும் கூடியிருக்கும். நம் நாடும் இதில் வேடிக்கை பார்க்கும் கூட்டமன்று. 2002-ஆம் ஆண்டு மாலிக் கூட்டில் இந்தியப் பெட்ரோலிய அமைச்சகம் ஒரு பங்காளி. 2006-லும் 2015-லும் கிருஷ்ணா கோதாவரிக் கடற்பகுதியில் நாமும் ஹைட்ரேட்டுக்காகத் துளையிட்டோம். உறைநிலத்தில் உள்ளது நூற்றில் ஒரு பங்கு என்று முன்னர்ச் சொன்னேன். அந்த ஒரு பங்கில் கற்கும் பாடம் எஞ்சிய தொண்ணூற்றொன்பதின் சாவி. அதனால்தான் பனிவெளியில் நடக்கும் ஒரு சிறு சோதனையை நாம் அலட்சியம் செய்ய இயலாது. புதிய எண்ணெய், எரிவாயு வயல்களுக்கு இனி ஒப்புதல் வேண்டாம் என்பதே 2050-க்குள் உமிழ்வை நிகரப் பூச்சியமாக்கும் பாதை என்று 2021-இல் பன்னாட்டு எரிசக்தி முகமை காட்டிற்று. ஏற்கெனவே கையில் உள்ளவற்றையே முழுதும் எரிக்க இயலாத காலத்தில், இதுவரை எவரும் தொடாத ஒரு புதிய களஞ்சியத்தின் பூட்டைப் பழகிப் பார்ப்பதற்குப் பொதுமக்களின் வரிப்பணம் செலவாகிறது.

வறிய நாடுகளுக்கு எரிசக்தி வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். ஆனால் இருபதாண்டுக்கு மேலான சோதனைக்குப் பின்னும் ஓர் ஊருக்கு ஒரு நாள் விளக்கேற்றும் வணிகக் கிணறு எங்கும் உருவாகவில்லை. மாலிக்கில் எடுத்த வாயு எரிகுழாயின் முனையில் எரித்துவிடப்பட்டது. வெண்பனியின் மேல் அந்தச் செஞ்சுடர் நிற்கும் படத்தை மட்டும் பல வெளியீடுகளில் காணலாம்.

அந்தச் சுடருக்குத் தெற்கே, அதே முகத்துவாரத்தில், இனுவிக் என்ற ஊர் இருக்கிறது. ஏறத்தாழ மூவாயிரம் பேர். 1999 முதல் அருகிலிருந்த இக்கில் என்னும் சிறு வயலின் வாயுவால் வீடுகளைச் சூடாக்கி வந்தார்கள். 2012 அளவில் அது வற்றத் தொடங்கிற்று. அதன்பின் தொலைதூரத் தெற்கிலிருந்து லாரிகளில் எரிபொருள் வருகிறது. நாற்பது டிகிரி உறைகுளிரில் அதன் விலை என்னவென்று ஊகித்துக்கொள்ளலாம். அலாஸ்காவின் 2012 சோதனைக் கிணற்றுக்கு இக்னிக் சிக்குமி, பனியில் நெருப்பு, என்று இனுபியாக் மொழியில் பெயர் சூட்டினார்கள். பெயரை வடவரிடம் கடன் வாங்கினார்கள். வடவரின் அடுப்பைக் கணக்கில் வைத்தார்களா என்பது வேறு. மாலிக் அமைந்த நிலத்துக்குரிய இனுவியாலுயிட்டு மக்கள், 1984-இல் கனடாவுடன் உடன்படிக்கை செய்து தங்கள் நிலவுரிமையை நிலைநாட்டியவர்கள், இதற்குத் தாங்களே ஒரு வழி தேடியிருக்கிறார்கள். டக்டோயாக்டக் அருகே 2002-இல் தோண்டப்பட்டுப் பயனின்றிக் கிடந்த ஒரு சாதாரண எரிவாயுக் கிணற்றைத் திறந்து, தங்கள் ஊர்களுக்கு மட்டும் எரிபொருள் தர முனைந்துள்ளார்கள். அதுவும் மண்ணெரிபொருளே, வேறு வழி கிடைக்கும் நாளில் அதையும் மூட வேண்டியதே. ஆயினும் அந்தக் கிணற்றை நான் எதிர்க்க மாட்டேன். ஏற்கெனவே தோண்டிய ஒரு துளை, பெயர் தெரிந்த சில ஊர்கள், குளிரில் நடுங்கும் சில ஆயிரம் பேர். அதற்காக எவரும் உலகம் வெடிக்கப்போகிறது என்று சொல்லவில்லை. 900 மீட்டர் ஆழத்துக் கூண்டு ஒன்றையும் உடைக்கவில்லை.